மங்கலான படங்களும் திறனாய்வும்: ஜூலியா கேமரனின் வரலாறு



ஒளிப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், தாம் எடுத்த படங்களைத் தம்மைப் போன்ற ஆர்வலர்களிடம் காட்டி நிறைகுறை கேட்பது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. ஒளிப்படக் கலைக்கு எத்தனை வயதோ, ஏறத்தாழ அத்தனை வயது இந்தப் பழக்கத்திற்கும் உண்டு. 1839ஆம் ஆண்டில் ஒளிப்படம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1853இல் இலண்டனில் ஒளிப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. 1855இல் இங்கிலாந்து ஆர்வலர்கள் சிலர் படப் பரிமாற்றக் குழு ஒன்றை அமைத்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் படத்தின் பிரதிகளை மற்றவர்களுக்கு அனுப்புவார். எந்த முறையில் எடுத்தார் என்னும் விவரமும் உடன் செல்லும். 1861இல் நியூயார்க்கிலும் இத்தகைய பரிமாற்றக் குழு தோன்றியது. பிற்காலத்தில் அஞ்சல்வழிப் படச்சுற்று என்னும் முறையும் பரவியது. ஒரு பெட்டியில் படங்களும் ஒரு குறிப்பேடும் இருக்கும். பெட்டி வீடு வீடாகச் செல்லும். பெட்டியைப் பெறுபவர் மற்றவர்களின் படங்களைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதுவார், தம் பழைய படத்தை எடுத்துக்கொண்டு புதியதை வைப்பார், அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்.

இந்த நீண்ட வரலாற்றில், ஒரு பெண்மணியின் படங்கள் பெற்ற திறனாய்வுகளை மட்டும் இக்கட்டுரையில் காண்போம். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். ஒளிப்படக் கலையில் ஆர்வமில்லாத ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைப் படிக்க வேண்டும் என விரும்புகிறேன். ஒருவர் ஆசையோடு செய்துகாட்டும் ஒன்றைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது நம் அன்றாடப் பணியாயிற்றே!

கருவி கைக்கு வந்த கதை

ஜூலியா 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர்பதவி வகித்தவர். 1838இல் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட வல்லுநரை மணந்தார். இந்தச் சார்லஸ் கேமரன் இலங்கை வரலாற்றைப் படித்தவர்களுக்குப் புதியவரல்லர். 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் நிருவாகத்தையும் நீதிமன்றங்களையும் சீரமைக்க வழிவகுத்த கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்றவர் இவரே. இலங்கை மலைநாட்டில் இவருக்குக் காப்பித் தோட்டங்களும் இருந்தன.

குடும்பம் 1848இல் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைட் தீவிலுள்ள ஃபிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் குடியேறியது. கவிஞர் டென்னிசன் அண்டை வீட்டார். தம் வீட்டிற்குக் கேமரன் இட்ட பெயர் 'டிம்போலா'. இலங்கைத் தோட்டம் ஒன்றின் நினைவாக வைத்த பெயர் அது.

1863ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துவிட்டனர். கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்வையிடச் சென்றுவிட்டார். தனித்திருந்த தாய்க்கு மகளும் மருமகனும் ஓர் ஒளிப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது ஜூலியாவுக்கு வயது 48. கரி வைக்கும் அறை இருட்டறை ஆயிற்று. கோழிக்கூடு கண்ணாடிக் கூரை பெற்றுப் படப்பிடிப்பு நிலையம் ஆயிற்று.

அக்காலத்தில் படம் எடுப்பது எளிய வேலையன்று. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பசைநீரை ஒரே சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பின்னர் அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கருவியில் பொருத்திப் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் இருட்டறைக்குக் கொண்டுசென்று உருத்துலக்க வேண்டும். ஒரு தூசி விழுந்தால் புள்ளி. கரைசல் சீராக ஓடாவிட்டால் கோடு. விரல் பட்டால் ரேகை. தம் முதல் படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டதாக ஜூலியா பின்னாளில் எழுதியுள்ளார். அவ்வூர் உழவர் ஒருவரைக் கூலி கொடுத்து உட்காரவைத்து எடுத்த படம் அது.

1864 ஜனவரி 29. ஆனி என்னும் சிறுமியின் முகத்தைப் பிற்பகல் ஒரு மணிக்குப் படம்பிடித்தார். அன்றிரவு எட்டு மணிக்குள் பிரதி எடுத்து, நிறமூட்டி, நிலைப்படுத்தி, சட்டமிட்டு, சிறுமியின் தந்தைக்கு அளித்துவிட்டார். அதுவே தம் முதல் வெற்றி என்று குறித்தார். அந்த வெற்றிக்குச் சிறுமியின் பொறுமையும் ஒரு காரணம் என எழுதவும் அவர் மறக்கவில்லை.

சங்கத்தின் தீர்ப்பு

அதே ஆண்டில் ஜூலியா இலண்டன் ஒளிப்படச் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பலானார். 1865ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சங்கத்தின் இதழ் அவற்றைப் பற்றி எழுதியது. ஒளிப்படத்தில் எவையெல்லாம் நல்லனவோ அவையெல்லாம் இப்படங்களில் புறக்கணிக்கப்பட்டுள்ளன என்றும், இக்கலையின் குறைபாடுகளே முன்னிறுத்தப்பட்டுள்ளன என்றும் அவ்விதழ் கூறியது. ஒரு பெண்மணியின் படைப்பை இவ்வளவு கடுமையாகப் பேச நேர்ந்தமைக்கு வருத்தமும் தெரிவித்துக்கொண்டது.

அதே 1865இல் பெர்லினில் நடந்த பன்னாட்டு ஒளிப்படக் கண்காட்சியிலும் ஜூலியாவின் படங்கள் இடம்பெற்றன. ஹெர்மன் ஃபோகல் என்னும் ஜெர்மானிய ஒளிப்பட அறிஞர் அங்கு நடந்ததைப் பதிவு செய்துள்ளார். கூர்மையற்ற பெரிய முகங்கள், கறை படிந்த பின்னணி, அடர்ந்த நிழல் ஆகியவற்றைக் கண்ட ஒளிப்படக்காரர் பலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லையாம். பயிலத் தொடங்கிய மாணவனின் கைவேலை போன்ற படங்களுக்கு இவ்வளவு மதிப்பான இடமா என ஏளனம் செய்தனராம். அதே படங்களைக் கண்ட ஓவியர்களோ பாராட்டினர். அக்கண்காட்சியில் ஜூலியாவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மறு ஆண்டில் பெர்லினிலேயே தங்கப் பதக்கம் பெற்றார்.

ஒரே படத்தைப் பார்த்து ஒரு சாரார் சிரிக்கின்றனர். மறு சாரார் வியக்கின்றனர். சிரித்தவர்கள் அறிவிலிகள் என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது. அவர்களின் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1854இல் பிரான்சு நாட்டின் திஸ்தெரி என்பவர் சிறிய அட்டைப் படங்களுக்குக் காப்புரிமை பெற்றார். 1860களில் அந்த அட்டைப் படங்கள் ஐரோப்பா எங்கும் பரவின. தலைமுதல் கால்வரை முழு உருவம், துல்லியமான ஆடை மடிப்பு, அருகில் ஒரு தூண் அல்லது திரை என்பது அவற்றின் அமைப்பு. வாடிக்கையாளர் காசு கொடுத்ததும் அந்தத் துல்லியத்திற்குத்தான். மேலும், ஒளிப்படச் சங்கத்தில் வேதியியல் அறிந்தவர்களும் கருவி நுட்பம் அறிந்தவர்களும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். கறையில்லாத தகடு என்பது பல்லாண்டு உழைப்பின் பயன் என அவர்கள் அறிவார்கள். கறையோடு ஒரு படத்தைக் கொண்டுவந்து மாட்டுவது, கையெழுத்துப் பிழைகளோடு ஒரு நூலை அச்சிடுவது போன்றது என அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

உண்மையில் அவர்கள் இருவேறு செய்திகளை ஒரே கூடையில் போட்டுவிட்டனர். புள்ளியும் கோடும் விரல் ரேகையும் ஒரு வகை. அவை கைத்தவறுகள். முகத்தின் கூர்மை குறைந்திருப்பது வேறு வகை. ஜூலியா முகத்திற்கு மிக அருகில் கருவியை வைத்தார். தகடும் பெரிது. ஆகவே கண்ணில் கூர்மை அமைந்தால் காது மங்கும். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டதால் அமர்ந்திருப்பவர் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு விடும் அசைவுகூடப் படத்தில் பதியும். முதலில் இந்த மங்கல் தற்செயலாகவே நேர்ந்தது என்பதை அவரே பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். லென்சைத் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவாராம். மற்றவர்கள் வற்புறுத்திய துல்லிய நிலைவரை திருகுவதில்லையாம். தற்செயலாக நேர்ந்ததை அவர் பின்னர்த் தெரிந்தே தேர்ந்தெடுத்துக்கொண்டார். எது சரியான கூர்மை என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என, 1864ஆம் ஆண்டின் இறுதியில் தம் நண்பரும் வானியல் அறிஞருமான சர் ஜான் ஹெர்ஷலுக்கு எழுதிய மடலில் கேட்டார்.

தவறு வேறு, தேர்வு வேறு. இரண்டையும் பிரித்தறியாத திறனாய்வு கேட்பவருக்குப் பயன்படாது. கறையைப் பற்றிச் சொன்னது நியாயம். அந்த நியாயமான சொல்லும், நியாயமற்ற சொல்லோடு சேர்ந்து வந்தமையால் ஒதுக்கப்பட்டது. சங்கத்தின் விமர்சனத்தை அதன் தகுதிக்கேற்ப மதிப்பிட்டதால்தான் தாம் மனம் தளரவில்லை என்று ஜூலியா எழுதினார். அதாவது, அவர் அதனைப் பொருட்படுத்தவே இல்லை.

நட்பிற்குள் ஒரு கேலி

அடுத்து இன்னொரு வகையைப் பார்ப்போம். லூயிஸ் கரோல் என்னும் பெயரை நம் மாணவர்களும் அறிவார்கள். 'ஆலிஸின் அற்புத உலகம்' எனத் தமிழில் அறியப்படும் கதையின் ஆசிரியர். இயற்பெயர் சார்லஸ் டாட்சன். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். 1856 முதல் படமெடுத்துவந்த தேர்ந்த ஆர்வலர். அவருடைய படங்கள் துல்லியமானவை, தகடுகள் தூய்மையானவை.

1864ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஃபிரெஷ்வாட்டருக்கு வந்தார். இருவரும் தத்தம் படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டனர். இதனைத் தம் தங்கைக்கு எழுதிய மடலில் கரோல் நகைச்சுவையோடு விவரிக்கிறார். ஜூலியாவின் படங்கள் யாவும் வேண்டுமென்றே மங்கலாக எடுக்கப்பட்டவை என்றும், சில மிக அழகு, சில பார்க்கச் சகிக்காதவை என்றும் எழுதுகிறார். கரோல் படம்பிடித்த சிலரைத் தாம் மங்கலாக எடுக்கக் கிடைத்தால் நன்றாக இருக்குமே என ஜூலியா சொன்னாராம். ஜூலியா எடுத்த சிலரைத் தாம் துல்லியமாக எடுக்கக் கிடைத்தால் நன்றாக இருக்குமே எனக் கரோல் பதில் சொன்னாராம்!

இச்சிறு உரையாடலில் ஒரு பாடம் உள்ளது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. போலிப் பாராட்டும் இல்லை. ஆயினும் இருவரும் சமநிலையில் நின்று பேசினர். கரோல் தம் படங்களையும் மேசைமேல் வைத்த பிறகே ஜூலியாவின் படங்களைப் பற்றிப் பேசினார். தன் படைப்பையும் பிறர் பார்வைக்கு வைத்தவரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. பரிமாற்றக் குழுக்களும் அஞ்சல்வழிச் சுற்றுகளும் இந்த அடிப்படையில் அமைந்தவைதாம். பெட்டியில் உன் படம் இருந்தால்தான் பிறர் படத்தைப் பற்றி நீ குறிப்பேட்டில் எழுதலாம்.

கெட்டுப்போன பிரதிகளைக் கேட்டவர்

ஜூலியாவுக்கு மிகவும் பயன்பட்ட திறனாய்வாளர் ஓர் ஓவியர். ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் என்பவர். படங்களைப் பார்த்து ஒளி, நிழல், அமைப்பு ஆகியவற்றைப் பற்றி அவர் ஜூலியாவுக்கு மடல் எழுதுவார். ஒருமுறை ஒரு வேண்டுகோள் விடுத்தார். அட்டையில் ஒட்டிய விலைமதிப்புள்ள பிரதிகளை எனக்கு அனுப்ப வேண்டாம். குறையுள்ள, ஒட்டாத பிரதிகளை அனுப்பினாலே போதும், அவற்றைக் கொண்டே என்னால் மதிப்பிட முடியும் என்பது அதன் கருத்து.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், முன்பு வாட்ஸ் வைத்திருந்த 67 படங்கள் உள்ளன. ஜூலியா பிறந்த 200ஆம் ஆண்டையொட்டி 2015இல் அங்கு நடந்த கண்காட்சியின்போது இவற்றின் சிறப்பு வெளிச்சத்திற்கு வந்தது. இவற்றுள் பல வேறெங்கும் பிரதி இல்லாதவை. அவற்றில் கறை உண்டு, கீறல் உண்டு. ஜூலியாவுக்கே முழு நிறைவு தராத படங்கள் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அறிவுரை வேண்டி அவற்றை அவர் வாட்ஸுக்கு அனுப்பியிருக்கிறார்.

கவனியுங்கள். சங்கத்திற்குத் தம் சிறந்த படங்களை அனுப்பினார். வாட்ஸுக்குத் தம் தோல்விகளையும் அனுப்பினார். தோல்வியைக் காட்டினால் ஏளனம் வராது என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே ஒருவர் அதைச் செய்வார். வள்ளுவப் பெருந்தகை இடித்துரைக்கும் நட்பைப் பற்றி நமக்குச் சொல்லியிருக்கிறார். இடித்துரைப்பதற்கு முன்னே நட்பு இருக்க வேண்டும் என்பதை நாம் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

ஹெர்ஷலும் அத்தகைய நண்பர்தாம். 1830களிலேயே ஜூலியாவுக்கு அறிமுகமானவர். ஒளிப்படக் கலை பிறந்த காலத்தில் அதன் வேதியியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். படங்களை மனமாரப் பாராட்டினார். கூடவே, சயனைடு என்னும் கொடிய நஞ்சைக் கைகளில் அப்படி வழியவிட வேண்டாம் என்று எச்சரித்தும் எழுதினார். படத்தைப் பார்த்தவர் படமெடுத்தவரின் கைகளையும் பார்த்தார்.

1865இல் தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய 80 படங்களை விலைக்கு வாங்கியது. பின்னாளில் விக்டோரியா ஆல்பர்ட் என்று பெயர் மாறியது இந்த அருங்காட்சியகமே. 1868இல் அதன் இயக்குநர் ஹென்றி கோல், படப்பிடிப்பிற்காக இரண்டு அறைகளை ஜூலியாவுக்கு ஒதுக்கித் தந்தார். கருவியைத் தொட்டு ஐந்தாண்டுகள் நிறைவதற்குள் இது நடந்தது.

சிரித்தவர்களிடமே சென்ற நாள்

1869ஆம் ஆண்டில் ஒரு சிக்கல் எழுந்தது. ஜூலியாவின் கண்ணாடித் தகடுகளில் தேன்கூடு போல வெடிப்புகள் தோன்றலாயின. தம் மிகச்சிறந்த தகடுகளுள் 45 கெட்டுவிட்டதாக ஹென்றி கோலுக்கு எழுதினார். ஒரு தகடு கெட்டால் அதிலிருந்து எடுக்கக்கூடிய பிரதிகள் அத்தனையும் போயின. படங்களை விற்றுப் பொருளீட்ட வேண்டிய நிலையிலும் அப்போது குடும்பம் இருந்தது.

அவர் எங்கே சென்றார் தெரியுமா? தம் படங்களைக் கடிந்து எழுதிய அதே ஒளிப்படச் சங்கத்தின் கூட்டத்திற்குச் சென்றார். வெடித்த தகடுகளைக் காட்டிக் காரணம் கேட்டார். உறுப்பினர்கள் கலந்துரையாடினர். தீவின் ஈரக் காற்று காரணமாக இருக்கலாம், வேதிப்பொருள் எஞ்சாதவாறு கழுவுவதில் குறை இருக்கலாம் என்றெல்லாம் கருத்துகள் எழுந்தன.

எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. நான்காண்டுகளுக்கு முன் தீர்ப்பு வழங்கியபோது பயன்படாத அந்த அறிவு, ஒரு கேள்விக்கு விடை தேடியபோது பயன்பாட்டிற்கு வந்தது. கேட்பவரின் தேவை என்ன என்று அறிந்த பிறகு பேசப்படும் குறை, குறைகூறல் என்னும் நிலையிலிருந்து உதவி என்னும் நிலைக்கு உயர்ந்துவிடுகிறது.

அடுத்த தலைமுறை

1887இல் 'அமெச்சூர் போட்டோகிராஃபர்' என்னும் ஆங்கில இதழ் விடுமுறைப் படங்களுக்கான போட்டி நடத்தியது. நடுவர் பி.எச். எமர்சன். முதல் பரிசு, பெர்லினில் படித்துக்கொண்டிருந்த 23 வயது அமெரிக்க இளைஞர் ஆல்ஃபிரட் ஸ்டிக்லிட்ஸுக்குக் கிடைத்தது. இத்தாலியில் சிறுவர் சிறுமியர் கூடிச் சிரிக்கும் காட்சியை எடுத்த படம் அது. அதன் இயல்புத் தன்மையை எமர்சன் பாராட்டினார். ஸ்டிக்லிட்ஸின் பெர்லின் ஆசிரியர் வேறு யாருமல்லர். ஜூலியாவின் படங்களால் எழுந்த சிரிப்பைப் பதிவு செய்த அதே ஹெர்மன் ஃபோகல்தான்.

எமர்சன் 1890இல் ஜூலியாவைப் போற்றிக் கட்டுரை எழுதினார். ஸ்டிக்லிட்ஸ் நியூயார்க்கில் தாம் நடத்திய 'கேமரா ஒர்க்' இதழில், 1913இல் ஜூலியாவின் படங்களை வெளியிட்டார். பயிலத் தொடங்கிய மாணவனின் கைவேலை என்று ஏளனம் செய்யப்பட்டவை, அரை நூற்றாண்டிற்குள் பாடமாக வைக்கப்பட்டன. இதைப் பார்க்க ஜூலியா உயிரோடு இல்லை.

யாரும் கேட்காத கேள்வி

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். காப்பிச் செடிகளை 1869 முதல் ஒருவகை இலைநோய் தாக்கியிருந்தது. தோட்டங்கள் நலிந்தன, குடும்பத்தின் வருவாய் சுருங்கியது. களுத்துறையில் தங்கியிருந்தபோது ஜூலியா மீண்டும் படமெடுத்தார். இங்கிலாந்தில் எடுத்தவற்றையும் சேர்த்து 1,200க்கும் மேற்பட்ட அவர் படங்கள் இன்று பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் இலங்கையில் எடுக்கப்பட்டவை முப்பதிற்கும் குறைவு. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதித் தோட்டம் ஒன்றில் அவர் காலமானார். பொகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதனைச் சுற்றிலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைகள்.

அந்த இலங்கைப் படங்களில் இருப்பவர்கள் யார்? வேலையாட்களும் உழைக்கும் மக்களும். அவர்களுள் தமிழர்களும் இருந்தனர் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். தென்னிந்தியாவிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற அந்தக் கூட்டத்தினர், பின்னாளில் மலாயாவின் பால்மரக் காட்டிற்கு வந்த நம் முன்னோருக்கு உறவுமுறையினர் என்றே சொல்லலாம். அப்படங்களில் அவர்கள் அமைதியாக நிற்கின்றனர். நம்மை நேராகப் பார்க்கின்றனர். இங்கிலாந்துப் படங்களில் டென்னிசன், ஹெர்ஷல், டார்வின் என்று பெயர்கள் உண்டு. ஆனி என்னும் சிறுமிக்கும் பெயர் உண்டு. அவளுடைய பொறுமைக்கு நன்றியும் உண்டு. இலங்கைப் படங்களில் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது போன்ற தலைப்புகளே உள்ளன. அசையாமல் நின்ற அந்தப் பெண்ணின் பெயரும் அந்த முதியவரின் பெயரும் எழுதப்படவில்லை.

ஜூலியாவின் படங்களைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகளாக எவ்வளவு பேசினார்கள்! கூர்மை இல்லை என்றார்கள். தகட்டில் கறை என்றார்கள். பின்னணி சரியில்லை என்றார்கள். படத்தில் நிற்பவர் யார், அவர் பெயரை ஏன் எழுதவில்லை என்னும் கேள்வி அந்த அளவுகோல்களில் எதிலும் அடங்கவில்லை. படத்தின் பரப்பில் உள்ள புள்ளியைக் காண நூறு கண்கள் இருந்தன. தலைப்பில் உள்ள வெற்றிடத்தைக் காணும் கண்ணைப் பிற்காலத்து ஆய்வாளர்களே கொண்டுவந்தனர். இதுவும் ஜூலியாவின் படங்களில் உள்ள குறைதான். கறையை நாம் மன்னித்துவிடலாம். இந்தக் குறையைக் குறித்துவைக்க வேண்டும்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும்

இனி நம் வேலைக்கு வருவோம். நம் மாணவர்களின் கட்டுரை ஏடுகள் வாரந்தோறும் நம் மேசைக்கு வருகின்றன. ஓவியங்கள் வருகின்றன. இன்று பத்து வயதுப் பிள்ளைகூடக் கைத்தொலைபேசியில் ஒரு பூவைப் படமெடுத்து வந்து, "டீச்சர், எப்படி இருக்கு?" என்று கேட்கிறது. "ரொம்ப அழகு" என்று சொல்லி அனுப்புவது எளிது. "கை ஆடிவிட்டது" என்று சொல்லி அனுப்புவதும் எளிது. இரண்டுக்கும் அந்தப் படத்தை உற்றுப் பார்க்க வேண்டிய தேவையில்லை.

ஜூலியாவின் வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இவை:

முதலாவது, பிழையையும் விருப்பத்தையும் பிரித்தறிதல். ஒற்றுப்பிழை பிழைதான், திருத்த வேண்டும். ஆனால் கட்டுரையை மாணவன் உரையாடலில் தொடங்கியிருந்தால், அது பிழையா, அவன் தேர்வா என்று கேட்ட பிறகே சிவப்பு மையைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே மையில் வட்டமிட்டால், அவன் ஒற்றுப்பிழையையும் திருத்தமாட்டான், உரையாடலையும் கைவிட்டுவிடுவான்.

இரண்டாவது, நம் படைப்பையும் காட்டுதல். மாணவர்கள் எழுதும் தலைப்பில் ஆசிரியரும் பத்து வரி எழுதி, அவர்களிடமே குறை கேட்டுப் பாருங்கள். வகுப்பறையின் காற்றே மாறிவிடும்.

மூன்றாவது, கெட்டுப்போன பிரதிக்கு இடம் தருதல். மாணவன் நல்லேட்டை மட்டுமே நம்மிடம் காட்டுகிறான் என்றால், அவன் நம்மைத் தேர்வு நடுவராகத்தான் பார்க்கிறான். அடித்துத் திருத்திய கரட்டு ஏட்டையும் அவனாகவே கொண்டுவந்து காட்டும் நாளில்தான் நாம் வாட்ஸ் ஆகிறோம். பெற்றோர்களே, வீட்டில் குப்பைக் கூடைக்குப் போகும் தாள்களையும் ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் பற்றி மட்டும் அன்று எதுவும் பேசாதீர்கள்.

நான்காவது, கேட்ட கேள்விக்கு விடை தருதல். "இதில் உனக்கு எது சரியாக வரவில்லை?" என்று முதலில் கேளுங்கள். பிள்ளை அதைச் சொல்லிவிட்டால், நாம் சொல்ல வேண்டிய பத்தில் எந்த ஒன்றை இன்று சொல்லலாம் என்பது தெளிவாகிவிடும். மற்ற ஒன்பதும் காத்திருக்கும்.

ஐந்தாவது, அளவுகோலுக்கு வெளியிலும் பார்த்தல். படம் பார்த்து வாக்கியம் அமைக்கும் பயிற்சியை நம் பள்ளிகளில் நெடுங்காலமாகச் செய்துவருகிறோம். ஒரு பெண் தண்ணீர்க் குடம் சுமக்கிறாள், ஒரு முதியவர் மரத்தடியில் அமர்ந்திருக்கிறார் என்று மாணவர்கள் எழுதுவார்கள். எழுவாய், பயனிலை சரியாக இருந்தால் நாமும் மதிப்பெண் இடுவோம். இனி ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: "அவர் பெயர் என்னவாக இருக்கும்?" வீட்டிலும் ஒரு வேலை உண்டு. தாத்தா பாட்டியின் பழைய தோட்டப்புறப் படங்கள் பல இல்லங்களில் பெட்டியில் கிடக்கின்றன. பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.